கேம்ப்ல, மடத்துல, கிராமத்துல: பர்மா சண்டைக்கு நடுவுல பொண்ணுங்களக் காப்பாத்துற வேலை எப்படி நடக்குது

பர்மா சண்டைன்னு செய்தில வந்தா எந்த ஊரு யாரு கைக்குப் போச்சு, எங்க பிளேன் வந்து குண்டு போட்டுச்சு, இவ்வளவுதான் வருது. அந்த ஊர்ல இருக்குற பொண்ணுங்களுக்கு என்ன ஆகுது, ஏதாவது ஆகிட்டா யாரு போயி பாக்குறாங்கன்னு கேட்டா ரங்கூன்ல இருக்குற நம்ம தமிழாளுங்க நெறைய பேருக்கே சரியாத் தெரியல. ஐநா வண்டி போகும், வெளிநாட்டு டாக்டருங்க போவாங்கன்னு நெனச்சிக்கிறாங்க. நெஜத்துல அந்த வண்டிங்க போகமுடியாத எடந்தான் இங்க அதிகம், ராணுவத்துக்கிட்ட டிராவல் பர்மிஷன் வாங்கணும், கெடச்சாலும் வழில கேட்டுக்கு கேட்டு, அதாவது செக்போஸ்ட்டுக்கு செக்போஸ்ட்டு, நிறுத்துவாங்க, பாதி ரோடு ஒருத்தர் கைல மீதி ரோடு இன்னொருத்தர் கைல. அப்போ போறது யாருன்னா அதே கிராமத்துல ஏற்கனவே இருக்குற ஒரு டீச்சரம்மா, ஒரு மருத்துவச்சி, ஒரு தையல்கார அக்கா. வெளிய இருந்து காசும் மருந்தும் டிரெய்னிங்கும் வரலாம், ஆனா ஒரு பொண்ணு வாயத் தொறந்து பேசுறது அவளுக்குத் தெரிஞ்ச, அவ நம்புற இன்னொரு பொம்பளகிட்டதான், இந்த வேலையே அதுமேலதான் நிக்குது. அத விளக்கமா சொல்லணும்னுதான் இத எழுதுறேன்.

மொதல்ல கொஞ்சம் பின்னணி. இது 2021 பிப்ரவரி 1 ராணுவம் ஆட்சியப் புடிச்சதுல ஆரம்பிச்ச கதை இல்ல. கரேன், கச்சின், ஷான் ஏரியாங்கள்ல சண்டை சுதந்திரத்துக்கு அப்புறம் ஏதோ ஒரு ரூபத்துல ஓடிட்டேதான் இருக்கு, சண்டை நடந்த எடத்துல எல்லாம் பொண்ணுங்க மேல கை வெக்கிறதும் கூடவே நடந்துச்சு. 2002-ல ஷான் பொண்ணுங்க அமைப்பும் ஷான் மனித உரிமை அமைப்பும் சேந்து ஒரு ரிப்போர்ட் போட்டாங்க, 1996-லேர்ந்து 2001 வரைக்கும் 173 சம்பவம், 625 பொண்ணுங்க, அதுல சின்னப் பொண்ணுங்களும் உண்டு, கால்வாசி சம்பவத்துல பொண்ணக் கொன்னே போட்டிருக்காங்க. இந்தக் கணக்க எடுத்தது யாரு? கிராமத்துலேர்ந்து தாய்லாந்துக்கு ஓடி வந்த பொண்ணுங்ககிட்ட அதே ஷான் மொழில பக்கத்துல உக்காந்து கேட்ட ஷான் பொண்ணுங்க. ராணுவ அரசாங்கம் அத பொய்னு சொல்லிச்சு, ஆனா உலகம் மொதமுறையா திரும்பிப் பாத்தது அந்த ரிப்போர்ட்டுக்கு அப்புறந்தான். அதுக்கு 3 வருஷம் முன்னாடியே, 1999-ல, வேற வேற இனத்துப் பொண்ணுங்க அமைப்பெல்லாம் ஒண்ணா சேந்து பர்மா பெண்கள் லீக்னு ஆரம்பிச்சிருந்தாங்க. கரேன் பெண்கள் அமைப்பு இன்னும் பழசு, 1949-லயே தொடங்குனது, 1985-ல திரும்பப் புதுசா கட்டுனாங்க. அப்புறம் தாய்லாந்து எல்லைல இருக்குற மேசோட் ஊர்ல டாக்டர் சிந்தியா மாங் 1989-ல தொடங்குன மே தாவ் கிளினிக், அங்க இருந்து டிரெய்னிங் எடுத்துட்டு மருந்துப் பைய முதுகுல போட்டுகிட்டு காட்டுக்குள்ள திரும்பிப் போன ஆளுங்க எத்தனையோ பேரு. ஆக இந்த நாட்டுல இந்த வேலைக்கு ஒரு நீண்ட பழக்கம் இருக்கு, யாரோ வெளிநாட்டுக்காரங்க வந்து கத்துக் குடுத்தது இல்ல.

2019-ல ஐநாவோட உண்மை அறியும் குழு இதுக்குன்னே தனியா ஒரு அறிக்கை குடுத்துச்சு, ரொகிஞ்சா பொண்ணுங்களுக்கு 2017-ல நடந்தது, கச்சின் ஷான் பக்கம் நடந்தது எல்லாம் ஏதோ ரெண்டு சிப்பாய் குடிச்சிட்டு பண்ணது இல்ல, ஜனங்கள பயமுறுத்தித் தண்டிக்கிறதுக்குன்னு திட்டம் போட்டு பண்ணதுன்னு தெளிவா சொன்னாங்க. 2018 டிசம்பர்ல இதத் தடுக்கிறோம்னு அரசாங்கம் ஐநாவோட சேந்து ஒரு அறிக்கைல கையெழுத்து கூட போட்டுச்சு. தண்டனைன்னு பாத்தா ரொம்ப அபூர்வம். 2020-ல ராக்கைன்ல ராத்தேடாங் பக்கம் ஒரு அம்மா தைரியமா வெளிய வந்து கேஸ் குடுத்தாங்க, ராணுவக் கோர்ட்டே 3 சிப்பாய்களுக்கு 20 வருஷம் குடுத்துச்சு. அத ஒரு அதிசயம் மாதிரி எல்லாரும் பேசுனாங்கன்னா மத்ததெல்லாம் என்ன ஆச்சுன்னு நீங்களே யோசிச்சிக்கோங்க. 2008 அரசியல் சட்டப்படி ராணுவத்து ஆளுங்க மேல வர்ற கேஸ ராணுவமே விசாரிக்கும், கமாண்டர் இன் சீஃப் சொல்றதுதான் கடைசி முடிவு.

ஆட்சியப் புடிச்சதுக்கு அப்புறம் தெருவுக்கு மொதல்ல வந்ததுல பொண்ணுங்க அதிகம், கார்மெண்ட் ஃபேக்டரிப் பொண்ணுங்க, நர்சுங்க, டீச்சருங்க. பொம்பளைங்க கைலி மாதிரி கட்டுற லோஞ்சிக்கு அடில ஆம்பள போனா அவனோட சக்தி போயிடும்னு இங்க ஒரு நம்பிக்கை இருக்கு, 2021 மார்ச்ல அந்த லோஞ்சிங்களையே தெருவுக்குக் குறுக்கால கயிறு கட்டித் தொங்கவிட்டாங்க, சிப்பாய்ங்க அத அவுத்துட்டுதான் உள்ள வரமுடிஞ்சுச்சு. அந்தப் பொண்ணுங்கள்ல பல பேரு இப்போ கேம்ப்கள்லயும் எல்லையிலயும் இருக்காங்க, இந்த வேலைய எடுத்துச் செய்றவங்கள்லயும் அவங்க நெறைய பேரு. 2024 முடியறதுக்குள்ள வீட்ட விட்டு ஓடுனவங்க 30 லட்சத்தத் தாண்டியாச்சு. அதுக்கு மேல 2025 மார்ச் 28 பூகம்பம், சகாயிங் மாண்டலே பக்கம் ஜனங்க ரோட்டுலயே படுத்தாங்க, பொம்பளைங்களுக்கு மறைவா ஒரு கக்கூஸ் கூட இல்லாம.

சரி, இந்த வேலை எப்படி நடக்குது? இங்கதான் நெறைய பேரு தப்பா புரிஞ்சிக்கிறாங்க. போஸ்டர் ஒட்டி மைக் போட்டு பெண்கள் பாதுகாப்புன்னு கூட்டம் நடத்துறதுன்னு நெனைக்கிறாங்க. சண்டை ஏரியால அப்படி பண்ணா அந்த ரூமுக்குள்ள போற ஒவ்வொரு பொண்ணையும் ஊரே பாக்கும், இவளுக்கு ஏதோ ஆகியிருக்குன்னு பேசும். அதனால அந்த பேரே வெளிய வராது. தையல் கிளாஸ் நடக்கும், கொழந்தைங்களுக்கு எடை பாக்குறது நடக்கும், சோப்பு பேட் உள்பாவாடை டார்ச் விசில் எல்லாம் போட்ட டிக்னிட்டி கிட்னு ஒரு பை குடுப்பாங்க. அந்தப் பைய குடுக்குற சாக்குல வீடு வீடா, கூடாரம் கூடாரமா போறாங்க, பத்து நிமிஷம் உக்காந்து பேசுறாங்க, தண்ணி எங்கேர்ந்து எடுக்குறீங்க, விறகுக்கு எவ்வளவு தூரம் போறீங்க, தனியா போறீங்களா, ராத்திரி கக்கூஸ் போக பயமா இருக்கான்னு கேக்குறாங்க. இந்தக் கேள்விங்க சும்மா இல்ல. விறகு எடுக்கப் போற வழிலதான் ஆபத்து, கேம்ப்ல வெளிச்சம் இல்லாத மூலைலதான் ஆபத்து, அது தெரிஞ்சா நாலு பேரா சேந்து போங்கன்னு சொல்லலாம், கக்கூஸ் கதவுக்கு உள்பக்கம் தாப்பா போடச் சொல்லி கேம்ப் கமிட்டிய நச்சரிக்கலாம், அந்த மூலைல ஒரு சோலார் லைட் போடலாம். கேக்குறதுக்கு ரொம்ப சின்ன விஷயமா தெரியும். ஆனா ஒரு தாப்பா எத்தனையோ பொண்ணுங்கள காப்பாத்தும், இத நான் மனசார சொல்றேன்.

ஏதாவது நடந்துபோச்சுன்னா அப்போ நேரந்தான் முக்கியம். பலாத்காரத்துக்கு அப்புறம் எச்ஐவி வராம தடுக்குற மாத்திரைய 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் தொடர்ந்து சாப்டணும். கர்ப்பம் ஆகாம இருக்குற மாத்திரை 120 மணி நேரம், அதாவது 5 நாள் வரைக்கும் குடுக்கலாம். மஞ்சக்காமாலை பி தடுப்பூசி, டெட்டனஸ் ஊசி, மத்த தொற்றுக்கு மருந்து இதெல்லாம் கூடவே. 72 மணி நேரம் தாண்டிட்டா எல்லாம் போச்சுன்னு இல்ல, காயத்துக்கு மருந்து, தொற்றுக்கு மருந்து, மனசுக்கு ஆறுதல் எப்போ வந்தாலும் உண்டு, இதையும் சேத்தே சொல்லணும், இல்லன்னா லேட்டா ஆகிப்போச்சுன்னு வராமலே இருந்துடுவாங்க. இந்த 72 மணி நேரக் கணக்கு ஊர்ல எல்லா பொம்பளைங்களுக்கும் முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும், நடந்ததுக்கு அப்புறம் சொல்லி பிரயோஜனம் இல்ல, அதனாலதான் பாலூட்டுற தாய்மார் கூட்டத்துல கூட இத நடுவுல நுழைச்சு சொல்லிடறாங்க. இந்த நாட்டு சட்டத்துல தாயோட உயிரக் காப்பாத்துறதுக்குத் தவிர கருக்கலைப்பு குத்தம், அதனால அந்த 5 நாள் மாத்திரை கைல இருக்குறது எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்லத் தேவையில்ல.

வாலண்டியருங்களுக்கு டிரெய்னிங்ல மொதல்ல சொல்லிக் குடுக்குறது என்ன செய்யக்கூடாதுங்கறதுதான். என்ன நடந்துச்சு, யாரு, எத்தன பேருன்னு துருவித் துருவி கேக்கக்கூடாது, நீ போலீஸ் இல்ல. போட்டோ எடுக்கக்கூடாது. பேர எழுதக்கூடாது, எழுதியே ஆகணும்னா ஒரு நம்பர். புருஷன்கிட்டயோ ஊர்த் தலைவர்கிட்டயோ அவ சம்மதம் இல்லாம போகக்கூடாது. பாக்குறது, கேக்குறது, சேத்துவிடுறது, மூணே வேலை, இப்போ உனக்கு பாதுகாப்பா இருக்கான்னு பாரு, சொன்னத கேளு, எங்க போகணுமோ அங்க சேத்துவிடு, போகலாமா வேணாமான்னு முடிவு அவளோடது. நம்ம ஆளுங்களுக்கு இதுல கஷ்டமானது இந்தக் கடைசி விஷயந்தான், நாம உதவி பண்றோம்னா நாம சொன்னபடி கேக்கணும்னு நெனைப்போம். ஏற்கனவே ஒருத்தன் அவ இஷ்டத்த மீறித்தான் அவள அழிச்சான், உதவிக்குப் போறவங்களும் அவ இஷ்டத்த மீறுனா எப்படி?

ஊர்ப் பஞ்சாயத்துன்னு ஒண்ணு இருக்கு, அதுதான் எனக்கு ரொம்ப ஆத்திரம் வர்ற எடம். நடந்தத பெரியவங்க உக்காந்து பேசி, நஷ்டஈடுன்னு கொஞ்சம் பணத்த பொண்ணோட அப்பன் கைல குடுத்து முடிச்சிடறது, இல்ல தப்பு பண்ணவனுக்கே கட்டி வெச்சிடறது. இது எல்லா இனத்துலயும் நடக்குது, நம்மள்லயும் நடக்குது, குடும்ப மானம்னு ஒரு பேரு வேற. 2019 குழந்தை உரிமைச் சட்டம் கல்யாண வயச 18-னு வெச்சிருக்கு, காகிதத்துல.

இப்போ இந்த வேலைக்கு உள்ள தடைங்க. குண்டு ஒரு பக்கம், ஆனா பாதி தடை சட்டத்துல இருக்கு. பிப்ரவரி 2021-ல ராணுவம் வந்த ரெண்டு வாரத்துக்குள்ள ராத்திரி விருந்தாளி விதிய திரும்பக் கொண்டுவந்துட்டாங்க, வீட்டுல வெளியாளு யாராவது ராத்திரி தங்குனா வார்டு ஆபீஸ்ல போயி பேர் குடுக்கணும், குடுக்கலன்னா ராத்திரி வந்து லிஸ்ட் செக் பண்ணும்போது மாட்டிக்குவீங்க. இப்போ யோசிங்க, அடிக்கிற புருஷன்கிட்டேர்ந்தோ ராணுவத்துக்காரன்கிட்டேர்ந்தோ தப்பிச்சு ஒரு பொண்ணு வர்றா, அவள ஒளிச்சு வெக்கிற வீட்டுக்காரி அவ பேர வார்டு ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும். சேஃப் ஹவுஸ்னு ஒரு ஏற்பாடே இதுல உடைஞ்சுபோகுது. அதனால ஒரே எடத்துல வெக்காம வீடு மாத்தி வீடு வெக்கிறாங்க, சொந்தக்காரப் பொண்ணு வைத்தியத்துக்கு வந்திருக்கான்னு சொல்றாங்க, சில எடத்துல புத்த மடத்துலயோ சர்ச்சுலயோ இடம் கேக்குறாங்க.

அப்புறம் 1908-ல வெள்ளக்காரன் போட்ட சட்டவிரோத சங்கச் சட்டம், போராளிக் குழு ஏரியாவுக்குப் போயி வந்தாலோ அவங்கள தொடர்பு கொண்டாலோ 2-லேர்ந்து 3 வருஷம் ஜெயில் போடலாம். எதிர்ப் பக்கத்து ஏரியால கிளினிக்குக்கு ஒரு பொண்ணக் கூட்டிட்டுப் போற வாலண்டியருக்கு இதுவே போதும். 2022 அக்டோபர்ல சங்கங்க எல்லாம் கட்டாயம் ரெஜிஸ்டர் பண்ணணும்னு புதுச் சட்டம், பண்ணலன்னா ஜெயில், பண்ணா யாரு ஆளுங்க எங்கேர்ந்து காசுன்னு எல்லாம் அவங்க கைல. காசு அனுப்புறதுலயும் சிக்கல், மொபைல் பே அக்கவுண்ட சந்தேகத்துல முடக்கிடறாங்க, அதனால பேங்க் இல்லாம காச கைமாத்தி விடுற உண்டியல்காரங்கள நம்பித்தான் ஓடுது. இண்டர்நெட்டும் போனும் மாசக்கணக்குல இல்லாத டவுன்ஷிப்புங்க இருக்கு, அங்க ஹாட்லைன் நம்பர் குடுத்து என்ன பண்றது, ஆளுதான் ஆள தேடிப் போகணும். 2025 ஜனவரில அமெரிக்கா உதவிப் பணத்த நிறுத்துனதும் தாய்லாந்து எல்லைக் கேம்ப்கள்ல ஆஸ்பத்திரிங்க மூடுற நிலைமை வந்துச்சு, அதுவும் சேந்துச்சு.

பெண்கள் மேல வன்முறையத் தடுக்க ஒரு தனிச் சட்டம் வேணும்னு 2013-லேர்ந்து பொண்ணுங்க அமைப்புங்க எழுதி எழுதிக் குடுத்து, கடைசில 2020 ஜனவரில பார்லிமெண்ட்டுக்கு வந்துச்சு, பாஸ் ஆகல, அதுக்குள்ள பார்லிமெண்ட்டே இல்லாமப் போச்சு. ஆக இன்னும் ஓடுறது வெள்ளக்காரன் காலத்து பீனல் கோடுதான்.

கட்டாய ராணுவ சேவை வேற. 2010-ல எழுதி வெச்சிருந்த சட்டத்த 2024 பிப்ரவரி 10-ல அமலுக்குக் கொண்டுவந்தாங்க, ஆம்பளைங்க 18-லேர்ந்து 35, பொண்ணுங்க 18-லேர்ந்து 27. பொண்ணுங்கள இப்போதைக்கு கூப்டலன்னு சொன்னாங்க, ஆனா கல்யாணம் ஆன பொண்ணுக்கு விலக்குன்னு சட்டத்துலயே இருக்கு, அது போதாதா, பயத்துல அவசர அவசரமா கல்யாணம் பண்ணி வெக்கிறது அதிகமாச்சு. ஆம்பளப் புள்ளைங்க காட்டுக்கோ தாய்லாந்துக்கோ ஓடிட்டாங்க, வீட்டுல அம்மாவும் தங்கச்சியும் மட்டும். அந்த மாதிரி வீட்டுக்குத்தான் வேலை வாங்கித் தர்றேன்னு புரோக்கர் வர்றான். கச்சின்ல 2011-ல சண்டை திரும்ப ஆரம்பிச்சதுலேர்ந்து சீனாவுக்கு மணப்பொண்ணா விக்கிறது எப்படி நடந்துச்சுன்னு ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் 2019-ல எழுதினாங்க, ஒரு பொண்ணு 3,000-லேர்ந்து 13,000 டாலர் வரைக்கும், வித்ததுல தெரிஞ்சவங்களும் சொந்தக்காரங்களும் கூட இருந்தாங்க. தாய்லாந்து எல்லைல மியாவாடி பக்கம் ஆன்லைன் மோசடிக் கம்பெனிங்க நடக்குறது தமிழ்நாட்டுக்காரங்களுக்கே தெரியும், 2022-ல ஐடி வேலைன்னு ஏமாந்து அங்க மாட்டுன தமிழ்ப் பசங்கள மீட்டுக் கொண்டுவந்தாங்கல்ல, அதே எடத்துக்கு பொண்ணுங்களயும் கொண்டுபோறாங்க. கிராமத்துக்குள்ள போற வாலண்டியர் அக்காங்க புரோக்கர் வந்தா கேக்க வேண்டிய கேள்விய சொல்லிக் குடுக்குறாங்க, கம்பெனி பேரு என்ன, அட்ரஸ் எங்க, பாஸ்போர்ட் யாரு கைல இருக்கும், கூட யாரு வர்றா, நாளைக்கு நாங்க போன் பண்ணா எடுப்பாளா.

நம்ம தமிழாளுங்க விஷயத்துக்கு வர்றேன். பர்மாத் தமிழருன்னா ரங்கூன் மட்டும் இல்ல, பெகு பக்கத்துக் கிராமங்க, அப்புறம் தட்டோன், மோல்மேன்னு மோன் ஸ்டேட் முழுக்க வயலும் ரப்பர் தோட்டமும் நம்பி இருக்குற ஜனங்க உண்டு, பெகுவுக்குக் கிழக்கயும் தட்டோன் பக்கமும் இப்போ சண்டை நடக்குற பூமி. சகாயிங்ல எல்லையோரமா இருக்குற தமுல இருந்து தாண்டுனா இந்தியாவுல மணிப்பூர் பக்கத்து மோரே, அங்க 1960-கள்ல பர்மாலேர்ந்து திரும்புன தமிழங்க கட்டுன ஊரு இருக்கு, சகாயிங்லேர்ந்து ஓடி வர்ற குடும்பங்க அந்தப் பக்கமும் போகுது. நம்ம பொண்ணுங்களுக்கு கூடுதலா ஒரு பிரச்சனை, கார்டு. 1982 குடியுரிமைச் சட்டத்துக்கு அப்புறம் ரோஸ் கலர் முழுக் குடியுரிமைக் கார்டு எல்லாருக்கும் கெடைக்கல, உரிமை கொறஞ்ச நீலம் பச்சைக் கார்டு வெச்சிருக்குறவங்களும் கார்டே இல்லாதவங்களும் இருக்காங்க. கார்டு இல்லாத பொண்ணு கேட்டுல நிக்கும்போது அங்க நிக்கிற ஆளுக்கு என்ன வேணா கேக்கலாம்னு ஒரு தைரியம் வந்துடுது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னாலும் போலீஸுக்குப் போகணும்னாலும் மொதல்ல அதத்தான் கேப்பாங்க, அதனால அடிபட்டாலும் அசிங்கப்பட்டாலும் வெளிய சொல்லாம இருக்காங்க.

நமக்கு இது புதுசு இல்ல. 1942-ல ஜப்பான்காரன் வந்தப்போ நாலஞ்சு லட்சம் இந்தியருங்க கால்நடையா கிளம்புனாங்க, அரக்கான் மலை வழியா, தமு வழியா, ஆயிரக்கணக்குல வழிலயே செத்தாங்க. பசி, காலரா, அட்டைப்பூச்சி, ஆத்தத் தாண்டுனது எல்லாம் வீட்டுல கதை கதையா சொல்லுவாங்க. பொண்ணுங்களுக்கு அந்த வழில என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. அந்தப் பழக்கம் இன்னும் நம்ம வீட்டுங்கள்ல அப்படியே இருக்கு. கரேன் பொண்ணுங்களும் ஷான் பொண்ணுங்களும் எழுதி வெச்சாங்க, கணக்கு எடுத்தாங்க, பேசுனாங்க, நாம பேசல, அதனாலயே நம்ம பொண்ணுங்க எந்தக் கணக்குலயும் வர்றதில்ல.

ஒண்ணு சொல்லிடணும், ஆபத்து ராணுவத்து ஆளுங்கள்கிட்டேர்ந்து மட்டுந்தான்னு நெனைக்கக்கூடாது. எதிர்த்து நிக்கிற குழுங்கள்லயும் தப்பு பண்றவங்க இருக்காங்க, வீட்டுக்குள்ளயே இருக்காங்க, வேலை போயி வீடும் போயி குடிக்கிற புருஷன் இருக்கான். புகார் எழுப்புற பொண்ணுகிட்ட இப்போ போராட்ட நேரம், ஒத்துமைய கெடுக்காதன்னு சொல்றாங்களாம், அது பெரிய அநியாயம். அங்க எல்லாம் பொண்ணுங்க அமைப்புங்கதான் நடத்தை விதி வேணும், தனியா புகார் வழி வேணும்னு சண்டை போட்டுட்டு இருக்காங்க, அவங்களுக்கும் அதுல ஆபத்து. வேலைக்குப் போற பொண்ணுங்களுக்கே உயிருக்கு உத்தரவாதம் இல்லாத நாடு இது, 2015 ஜனவரில ஷான் வடக்குல ஒரு கிராமத்துல பாடம் சொல்லிக் குடுக்கப் போன ரெண்டு கச்சின் டீச்சர் பொண்ணுங்கள நாசம் பண்ணிக் கொன்னாங்க, இன்னிக்கு வரைக்கும் யாரும் தண்டனை வாங்கல.

நம்ம கோயில் கமிட்டிங்க சண்டைக்கு ஓடி வர்றவங்களுக்கு சோறு போடுது, மண்டபத்துல படுக்க எடம் குடுக்குது, அது ரொம்ப பெரிய புண்ணியம், அதுல ஒரு குறையும் சொல்லமாட்டேன். அதே மண்டபத்துல இன்னும் கொஞ்சம் பண்ணலாம், பண்ணியே ஆகணும். பொம்பளைங்களுக்கும் கொழந்தைங்களுக்கும் தனித் தடுப்பு, குளிக்கிற எடத்துக்கு உள்தாப்பா, ராத்திரி பூரா எரியிற ஒரு லைட். சோறு டோக்கன் குடும்பத் தலைவன் கைல மட்டும் குடுக்காம பொம்பளைங்க கைலயும் குடுக்குறது. வந்தவங்கள வரிசைல நிறுத்தி போட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல போடுறத சுத்தமா நிறுத்துறது, ஏன்னா தேடிட்டு வர்றவனுக்கு அந்த ஒரு போட்டோ போதும். தமிழும் பர்மாவும் தெரிஞ்ச ரெண்டு மூணு அக்காங்கள ஏற்கனவே வேலை செஞ்சிட்டிருக்குற பொண்ணுங்க அமைப்புகிட்ட டிரெய்னிங்குக்கு அனுப்பணும், ஏன்னா கிராமத்துலேர்ந்து வர்ற பொம்பளைங்களுக்கு உள்ளுக்குள்ள இருக்குறத தமிழ்ல சொன்னாத்தான் வரும், அத கிளினிக்ல பர்மால சொல்றதுக்கு ஒரு பொம்பள கூட இருக்கணும், அந்த எடத்துல அவ மாமியாரோ புருஷனோ மொழிபெயர்க்கக் கூடாது. அந்த அக்காங்களுக்கு பஸ் காசும் போன் காசும் கமிட்டி குடுக்கணும், சேவைன்னு சொல்லி அவங்க தலைலயே கட்டிடக் கூடாது. கமிட்டில இருக்குற ஆம்பளைங்க இத எதுக்கு கோயில்ல பேசணும்னு கேப்பாங்க, அவங்ககிட்ட 72 மணி நேரக் கணக்க சொல்லுங்க, பக்கத்துல எந்த கிளினிக்ல அந்த மருந்து இருக்குன்னு அவங்களையே விசாரிச்சு வெக்கச் சொல்லுங்க.